கூப்பிடு தூரத்தில் கடல், குறுக்கே மணல்

கேள்வி: திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் வசிக்கிறேன். வயது 34. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மொட்டை மாடியிலிருந்து விழுந்ததில் முதுகுத்தண்டில் அடிபட்டது. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. கைகள் நன்றாக இருக்கின்றன. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு நானே மாறிக்கொள்வேன். சிறுநீரை நேரம் பார்த்துக் குழாய் வைத்து எடுக்கிறேன். இரவில் லாரிச் சத்தம் ஓய்ந்தால் அலைச் சத்தம் கேட்கும் வீடு எங்களுடையது. ஆனாலும் கடலைப் பார்த்துப் பல மாதங்கள் ஆகின்றன. போன காணும் பொங்கலுக்கு மெரினாவுக்கு அழைத்துப் போனார்கள். பத்தடி போவதற்குள் சக்கரம் மணலில் புதைந்துவிட்டது. முன்பின் தெரியாத நான்கு ஆண்கள் நாற்காலியோடு என்னைத் தூக்கினார்கள். ஊரே வேடிக்கை பார்த்தது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியைத் தவிர எங்கும் போகவில்லை. எட்டு வயது மகள், ‘நீ வந்தால்தான் நானும் பீச்சுக்கு வருவேன்’ என்கிறாள். கணவர் நல்லவர்தான். ‘எதற்கு வீண் வேலை, நான் செல்போனில் வீடியோ எடுத்து வந்து காட்டுகிறேன்’ என்கிறார். நான் ஆசைப்படுவது அதிகமா? யாரும் தூக்காமல் கடற்கரைக்கும் மற்ற திறந்தவெளி இடங்களுக்கும் போய்வர வழி உண்டா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருவொற்றியூர்

பதில் தருபவர்: முதுகுத்தண்டுவடப் பாதிப்புக்கான மறுவாழ்வுப் பிரிவில் பணியாற்றும் இயன்முறை மருத்துவர்

சகோதரி, உங்கள் ஆசை அளவானதுதான். அன்றைக்குத் தேர்ந்தெடுத்த நாளும் இடமும்தான் கோளாறு. காணும் பொங்கலன்று மெரினாவில் நடப்பவர்களுக்கே கால் வைக்க இடம் கிடைப்பதில்லை. அந்தக் கூட்டத்தில் காய்ந்த மணலில் சக்கர நாற்காலியை முன்னோக்கித் தள்ளினால் புதையாமல் என்ன செய்யும்? உங்களுக்கோ தள்ளியவருக்கோ இதில் ஒரு குற்றமும் இல்லை.

சக்கரம் ஏன் புதைந்தது என்பதிலிருந்தே தொடங்குகிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. நாற்காலியின் முன்னால் இருக்கும் இரண்டு சிறிய சக்கரங்களும் சமதளத் தரைக்காக அமைந்தவை. அகலம் குறைவு, விட்டமும் குறைவு. பின்னாலிருந்து தள்ளும்போது பாரம் முன்னே சாய்கிறது. சிறிய சக்கரம் மண்வெட்டி போல மணலுக்குள் இறங்குகிறது. தள்ளத் தள்ள ஆழமாக இறங்குமே தவிர நகராது. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது நாற்காலியைத் திருப்பி, லேசாகப் பின்னால் சாய்த்து, முன்சக்கரங்கள் தரையைத் தொடாதபடி பின்னோக்கி இழுப்பதுதான். பெரிய சக்கரம் முன்னே போகும்போது பாரம் அதன்மேல் பரவிவிடும். பழகிய ஒருவரால் இதைச் செய்ய முடியும், இருவர் இருந்தால் சுலபம், யாரும் யாரையும் தூக்க வேண்டியதில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கடலை நோக்கிப் போகும்போது உங்கள் முகம் ஊரைப் பார்த்திருக்கும். ஈர மணலுக்கு வந்து திருப்பிய பிறகுதான் கடல் முழுதாகக் கண்ணில் படும். என்னிடம் பயிற்சிக்கு வருபவர்கள் பலருக்கும் அந்தத் திருப்பம் பிடித்துப்போகிறது.

அடுத்து, நீங்கள் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். கடலைப் பார்த்துக்கொண்டு காற்று வாங்க வேண்டுமா? அலைக்கு அருகில் போக வேண்டுமா? மகள் மணலில் விளையாடும்போது பக்கத்தில் இருக்க வேண்டுமா? மூன்றையும் நாம் ‘பீச்சுக்குப் போவது’ என்றுதான் சொல்கிறோம். சக்கர நாற்காலியில் போகிறவருக்கு இவை மூன்று வெவ்வேறு பயணங்கள். இடமும் வேறு, துணையும் வேறு. எல்லாவற்றையும் ஒரே நாளில் எதிர்பார்த்துப் போனவர்கள்தான் பெரும்பாலும் மனம் நொந்து திரும்புகிறார்கள்.

அலைக்கு அருகில் போவதுதான் முதல் ஆசை என்றால் மெரினாவுக்கே மறுபடியும் போகச் சொல்வேன். முகத்தைச் சுளிக்காதீர்கள். இந்த முறை விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே இருக்கும் மரப்பாதைக்குப் போங்கள். மாற்றுத்திறனாளிகளுக்காகவே 2022 நவம்பரில் மாநகராட்சி திறந்தது. 263 மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், இரு புறமும் பிடிமானம். திறந்த சில நாட்களிலேயே டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்து கடலோர முனையைப் பெயர்த்துப் போட்டது, பிறகு சரிசெய்தார்கள். இதிலிருந்து ஒரு பாடம்: புயலோ கடல் சீற்றமோ வந்து போன வாரங்களில், பாதை முழுதாக இருக்கிறதா என்று விசாரிக்காமல் கிளம்ப வேண்டாம். உங்கள் கைகளில் வலு இருப்பதால் இந்தப் பாதையில் நீங்களே உருட்டிக்கொண்டு போகலாம். பாதை முடியும் இடத்தில் நின்றால் அலை நன்றாகத் தெரியும். வார இறுதி மாலைகளில் மட்டும் அது சக்கர நாற்காலிப் பாதையாக இருப்பதில்லை, ஊர் முழுக்க உலாவும் பாதையாகிவிடுகிறது. செவ்வாய், புதன் போன்ற ஒரு நாளில் நான்கு மணிக்கு மேல் போங்கள். வங்கக் கடற்கரையில் மாலை வெயில் முதுகுப் பக்கம் இருக்கும். கண் கூசாது, கடற்காற்றும் அதற்குள் வந்துவிட்டிருக்கும். பெசன்ட் நகரிலும் இதே மாதிரி ஒரு பாதை போட்டிருக்கிறார்கள். உங்களுக்கு அது ஊரின் மறு முனை, இப்போதைக்கு விட்டுவிடலாம்.

போக்குவரத்தில் உங்களுக்கு ஓர் அதிர்ஷ்டம், வீட்டுக்குப் பக்கத்திலேயே மெட்ரோ இருக்கிறது. 2021-இல் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீண்ட நீல வழித்தடத்தில்தான் திருவொற்றியூர் தேரடி நிலையமும் வருகிறது. அங்கே ஏறினால் எங்கும் மாறாமல் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கலாம். நடைமேடைக்கும் ரயிலுக்கும் இடைவெளி குறைவு, மட்டமும் ஏறக்குறைய ஒன்றே. பெட்டியில் சக்கர நாற்காலி நிறுத்த இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். டிக்கெட் வாயிலில் அகலமான ஒன்று உண்டு. அதைத் திறக்கச் சொல்லிக் கேளுங்கள். லிஃப்ட் எல்லா வாசலிலும் இருக்காது. எந்த வாசலில் இருக்கிறது என்று ஊழியரிடம் முன்கூட்டியே கேட்டு, இறங்கும் நிலையத்துக்கும் சொல்லச் சொல்லுங்கள். அரசினர் தோட்டத்திலிருந்து விவேகானந்தர் இல்லம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல். நடைபாதையில் உருட்டிக்கொண்டே போகலாம் என்ற எண்ணம் வேண்டாம், ஆட்டோ பிடியுங்கள்.

ஆட்டோவின் இருக்கை உங்கள் நாற்காலியை விட உயரமாக இருக்கும். ஏறுவதை வீட்டு வாசலில், தெரிந்த ஆட்டோக்காரரை வைத்து, இரண்டு மூன்று முறை பழகிப் பாருங்கள். நாற்காலியின் பக்கவாட்டுக் கைத்தாங்கி கழற்றக்கூடியதாக இருந்தால் ஒரு பக்கத்தைக் கழற்றிவிட்டு, வழுக்கிச் செல்லும் பலகை ஒன்றை இடையில் வைத்து மாறலாம். எங்கள் பிரிவில் இதற்குப் பலகை தருகிறோம். வழுவழுப்பாக இழைத்த நல்ல மரப்பலகையும் போதும். முதல் முயற்சியை மெரினா சாலையில், பின்னால் ஹாரன் அடிக்கும்போது செய்து பார்ப்பது சரிவராது. தாழ்தளப் பேருந்துகளும் இப்போது ஓடுகின்றன. 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து மின்சாரப் பேருந்துகள் இயங்கத் தொடங்கியபின் நம் பக்கமும் அவை கண்ணில் படுகின்றன. நடுவாசலில் மடக்கிவைத்திருக்கும் சாய்தளத்தை விரித்துப் போட்டால் நாற்காலியோடு ஏறலாம். பேருந்து நடைபாதையை ஒட்டி நின்றால்தான் சாய்தளம் பயன்படும், நடுரோட்டில் நின்றால் சரிவு செங்குத்தாகிவிடும் என்பதை மட்டும் ஓட்டுநரிடம் சொல்லுங்கள். பலர் மனமில்லாமல் இல்லை, தெரியாமல் நிறுத்துகிறார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடலைப் பார்ப்பது மட்டும்தான் வேண்டும் என்றால் நீங்கள் மெரினாவுக்கே போக வேண்டியதில்லை. மெரினாவில் அவ்வளவு மணல் குவிந்ததற்கும் நம் பக்கம் மணல் இல்லாமல் போனதற்கும் காரணம் ஒன்றே, நடுவில் இருக்கும் துறைமுகம். வருடத்தில் பெரும்பகுதி நாட்கள் இந்தக் கடலில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் நீட்டியபோது மணல் அதில் தடுக்கி நின்றது. தெற்கே மெரினா சராசரியாக 300 மீட்டர் அகலத்துக்கு வளர்ந்தது. வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. தெருக்களும் வீடுகளும் போனதை உங்கள் பாட்டி தலைமுறையினர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கல் கொட்டினார்கள், கரையிலிருந்து கடலுக்குள் நீளும் பாறைத் தடுப்பான தூண்டில் வளைவு கட்டினார்கள். நம் மக்களுக்கு அது பெரிய இழப்பு, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சக்கரத்தில் போகிறவரின் கண்ணால் பார்த்தால் கணக்கு வேறு. மெரினாவில் சாலைக்கும் அலைக்கும் நடுவே 300 மீட்டர் மணல். எண்ணூர் விரைவுச்சாலையில் பல இடங்களில் சாலை, கல், கடல், அவ்வளவுதான். ஆட்டோவில் உட்கார்ந்தபடியே அலை கல்லில் மோதிச் சிதறுவதைப் பார்க்கலாம், முகத்தில் உப்பு படும்.

ஆனால் அந்தச் சாலையில் நாற்காலியைத் தனியாக உருட்டிக்கொண்டு போகவே கூடாது. கண்டெய்னர் லாரி ஓட்டுநரின் இருக்கை உயரத்திலிருந்து பார்த்தால் நாற்காலியில் இருக்கும் நீங்கள் அவர் கண்ணுக்குத் தெரியவே மாட்டீர்கள். சாலையைக் கடக்காமல் கடல் பக்கமாகவே இறக்கிவிடும்படி ஆட்டோவைச் சுற்றி எடுத்து வரச் சொல்லுங்கள். சாலையை விட்டு உள்ளே தள்ளி நிறுத்தக்கூடிய இடத்தைப் பகலில் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தூண்டில் வளைவின் மேல் ஏறும் ஆசை வேண்டாம். ஒன்றோடொன்று பொருந்தாமல் கிடக்கும் பாறைகள் அவை. நடப்பவர்களே அங்கே கணுக்காலை முறித்துக்கொண்டு எங்களிடம் வருகிறார்கள்.

மகளோடு மணலில் இருக்க வேண்டும் என்றால், தூண்டில் வளைவுகளுக்கு இடையே மணல் சேர்ந்திருக்கும் குப்பங்களில் ஏதாவது ஒன்று உங்களுக்குத் தெரிந்தவர்கள் உள்ள குப்பமாக இருக்கும். அங்கே போங்கள். அரை அங்குலத் தடிமனில், நான்கடி நீளத்தில் இரண்டு பிளைவுட் பலகைகள் வாங்கிக்கொள்ளுங்கள். அகலம் நாற்காலியின் இரு சக்கரங்களுக்கும் வெளியே அரையடி மிஞ்ச வேண்டும். ஒரு பலகையின் மேல் நீங்கள் நிற்கும்போது அடுத்ததை முன்னே போட வேண்டும்; அதில் ஏறியதும் பின்னால் இருப்பதை எடுத்து முன்னே கொண்டுவர வேண்டும். இருபதடி மணலை இப்படிக் கடந்துவிடலாம். பலகை எடுத்துப் போடும் வேலையை மகளிடம் விட்டால் அதுவே அவளுக்கு விளையாட்டு. காய்ந்த மணலைத் தாண்டி, அலை எப்போதாவது நனைத்துவிட்டுப் போகும் இறுகிய மணல் வந்ததும் நின்றுவிடுங்கள். அதற்குக் கீழே போக வேண்டாம். அரிப்பு உள்ள கரையில் மணல் சரிவாக இறங்கும், பிரேக் போட்டாலும் நாற்காலி நழுவும், ஒரே அலை சக்கரத்தின் அடிமணலைக் கரைத்துக் கொண்டுபோய்விடும். பெரியவர் ஒருவரின் கை எப்போதும் நாற்காலியில் இருக்கட்டும். அலையைத் தொட ஆசை என்றால் ஒரு வாளி எதற்கு இருக்கிறது? முகத்துவாரத்துப் பக்கம் மட்டும் அந்த வாளியும் வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தது உங்களுக்கு மறந்திருக்காது. உணர்வில்லாத காலில் சிறு கீறல் இருந்து அதில் அழுக்கு நீர் பட்டால், வீங்கிச் சிவந்த பிறகுதான் தெரியவரும்.

காசிமேட்டையும் சொல்ல வேண்டும். ஞாயிறு விடியற்காலையில் மீன் வாங்கப் போகாதீர்கள். தரையெல்லாம் ஐஸ் நீரும் மீன் செதிலும், சக்கரத்தின் கைவளையம் வழுக்கும், கூடை சுமப்பவர்கள் நிற்க முடியாத வேகத்தில் வருவார்கள். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும், நெரிசல் அடங்கியிருக்கும், வலை பின்னுபவர்களும் படகுக்கு வண்ணம் அடிப்பவர்களும் பேச நேரமுள்ளவர்களாக இருப்பார்கள். சிமென்ட் தரை என்பதால் சக்கரம் ஓடும். கோடை வெயில் என்பதால் ஐந்து மணிக்கு மேல் போங்கள். படகுத்துறையின் விளிம்பில் தடுப்பு இருக்காது. பத்தடி உள்ளேயே நில்லுங்கள், பிரேக் போட்டிருக்கட்டும்.

இப்போது அந்த நான்கு ஆண்களுக்கு வருகிறேன். உதவ வந்தவர்கள்தான். ஆனால் கேட்காமல் ஒருவருடைய நாற்காலியில் கை வைப்பது அவருடைய உடம்பில் கை வைப்பதுதான். உங்களுக்குக் கூச்சமும் கோபமும் வந்தது இயல்பு. எவ்வளவு திட்டமிட்டாலும் ஒரு படி, ஒரு சாக்கடை மூடி குறுக்கே வரத்தான் செய்யும். அப்போது யாராவது ஓடி வருவார்கள். வடசென்னையில் யாரும் சும்மா பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். அவர்கள் கை வைப்பதற்கு முன்பே நீங்கள் பேசிவிடுங்கள், குரல் உயர்ந்தே இருக்கட்டும்: ‘அண்ணே, தூக்க வேண்டாம். பின்னால் ஒருவர் கைப்பிடியைப் பிடித்துச் சாயுங்கள், முன்சக்கரம் படியில் ஏறியதும் தள்ளுங்கள், போதும்.’ ஒற்றைப் படிக்கு இதுவே நிறைய. தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் கைத்தாங்கியையும் கால்தாங்கியையும் பிடிக்க விடாதீர்கள், இரண்டும் கழன்று கையோடு வந்துவிடும். இருக்கைக்குக் கீழே ஓடும் இரும்புச் சட்டத்தைக் காட்டுங்கள். இடுப்பு பெல்ட் போட்டிருக்க வேண்டும். செங்குத்தான சாய்தளத்தில் இறங்கும்போது நீங்கள் பின்னோக்கியே இறங்க வேண்டும், உதவுபவர் உங்களுக்குக் கீழ்ப்பக்கம் நிற்க வேண்டும். கட்டளை உங்கள் வாயிலிருந்து வந்தால் வேடிக்கை பார்ப்பவர்களின் கண்ணும் மாறிவிடும். இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

உடம்பைப் பற்றிக் கொஞ்சம் கறாராகவே பேசுகிறேன். வெளியே போகும் நாளில் பெண்கள் செய்யும் முதல் காரியம் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது. குழாய் வைத்து எடுக்கும் ஒருவர் அப்படிச் செய்தால் நீர்த்தாரைத் தொற்று வீடு தேடி வரும். தண்ணீரைக் குறைக்காதீர்கள், நேரத்தைத் திட்டமிடுங்கள். வழக்கமாக நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்கச் சொல்லியிருப்பார்கள். வீட்டில் எடுத்துவிட்டுக் கிளம்பினால் நான்கு மணி நேரம் உங்கள் கையில் இருக்கிறது. முதல் சில பயணங்களை அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஆகும் என்றால் மெட்ரோ நிலையத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான கழிவறை உண்டு, டிக்கெட் வாயிலைத் தாண்டி வெளியேறுவதற்கு முன்பே போய்விடுங்கள். குழாய், கை துடைக்க ஈரத்தாள், மாற்றுத்துணி, ஒரு பிளாஸ்டிக் பை, எல்லாம் தனிப் பையில் எப்போதும் தயாராக இருக்கட்டும். மாதவிடாய் நாட்களில் போகக் கூடாது என்று இல்லை. மாற்றுவதற்கு இடம் உறுதியாகத் தெரிந்தால் போங்கள்.

தோலைப் பற்றி உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். வெளியில் அது மறந்துபோகும், அதனால் மறுபடியும் சொல்கிறேன். அரைமணிக்கு ஒருமுறையாவது இரு கைகளையும் ஊன்றி இடுப்பைத் தூக்கி இறக்குங்கள். கடலைப் பார்க்கும் மயக்கத்தில் ஒன்றரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து, படுக்கைப்புண்ணோடு மூன்று மாதம் குப்புறப் படுத்தவர்கள் இருக்கிறார்கள். மெத்தை இல்லாமல் சிமென்ட் திண்ணையிலோ பாறையிலோ உட்காராதீர்கள். வெயில் குடித்த கல் உங்களுக்குச் சுடாது, ஆனால் தோல் வெந்துவிடும். நாற்காலியின் இரும்புக் கால்தாங்கியும் அப்படித்தான். அதனால் செருப்பு போதாது, காலுறையும் மூடிய ஷூவும் போடுங்கள். ஈரமான, மணல் ஒட்டிய துணியோடு வீடு வரைக்கும் உட்கார்ந்து வரக் கூடாது. இரவில் படுப்பதற்கு முன் கணவர் விளக்கைப் போட்டு உட்காருமிடம், குதிகால், விரல் இடுக்கு எல்லாம் பார்க்கட்டும். சிவப்பு அரைமணி நேரத்தில் மறையவில்லை என்றால் மறுநாள் நாற்காலியில் உட்கார வேண்டாம், எங்களைப் போன்றவர்களிடம் காட்டுங்கள்.

இதைப் படிப்பவர்களில் கழுத்திலோ மார்பின் மேற்பகுதியிலோ பாதிப்பு உள்ளவர்கள் இருந்தால் உங்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. பாதிப்புக்குக் கீழே வியர்க்காது என்பதால் உடல் சூடு சட்டென்று ஏறிவிடும். ஈரத்துண்டும் தண்ணீர் தெளிப்பானும் இல்லாமல் வெளியே போக வேண்டாம். திடீரென்று மண்டை பிளக்கும் தலைவலி, முகம் சிவத்தல், மேலுடம்பில் மட்டும் வியர்வை என்று வந்தால் படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி உட்கார வைத்து, சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறதா, குழாய் மடங்கியிருக்கிறதா என்று உடனே பாருங்கள்; இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும் அறிகுறி அது. காரணத்தை நீக்கியும் அடங்கவில்லை என்றால் 108-ஐ அழையுங்கள்.

பூங்காக்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. உள்ளே பாதை நன்றாகவே போட்டிருப்பார்கள்; தகராறு வாசலில்தான். இருசக்கர வண்டி நுழையக் கூடாது என்று இரும்புக் கம்பங்களை நெருக்கமாக நட்டு வைத்து, சக்கர நாற்காலியையும் சேர்த்துத் தடுத்துவிடுகிறார்கள். காவலாளியிடம் கேட்டால் பெரிய கதவின் பூட்டைத் திறப்பார். இராயபுரத்தில் ராபின்சன் பூங்காவாக இருந்து இன்று அறிஞர் அண்ணா பூங்காவாக இருக்கும் இடம் உங்களுக்குப் பக்கம். 1949 செப்டம்பர் 18 அன்று திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் நடந்த மைதானம் அது, மகளுக்குச் சொல்ல ஒரு கதையும் ஆயிற்று. நாள் முழுக்க வெளியே இருக்கும் தைரியம் வந்த பிறகு வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போகலாம். அங்கே பேட்டரி வாகனம் ஓடுகிறது, பாதைகளும் அகலம். தூரம் மட்டும் அதிகம். கோயில்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. வாசற்படியின் உயரம், பிரகாரத்துக் கருங்கல் சூடு என்று அது தனிக் கதை.

உங்கள் கணவர் வீடியோ எடுத்து வருகிறேன் என்கிறார் அல்லவா? எடுக்கட்டும். ஆனால் கடலை எடுக்க வேண்டாம், தரையை எடுக்கச் சொல்லுங்கள். ஆட்டோ நிற்கும் இடம், அங்கிருந்து முதல் படி, படியின் உயரம், நடைபாதையில் உடைந்த கல், கழிவறைக் கதவின் அகலம். கையில் ஓர் அளவு நாடாவும் கொடுத்து அனுப்புங்கள். உங்கள் நாற்காலியின் மொத்த அகலத்தை முதலில் அளந்து அவர் செல்போனில் குறித்து வையுங்கள். அதைவிட நான்கு விரற்கடை அதிகம் இருந்தால்தான் வாசலில் கை உரசாமல் நுழைய முடியும். சாய்தளம் இருந்தால் உயரத்தையும் நீளத்தையும் அளக்கட்டும். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது விதி. ஆறடியில் ஏற்றிவிட்டு ‘சாய்தளம் இருக்கிறதே’ என்பவர்கள் உண்டு. மனைவியைக் கூட்டம் வேடிக்கை பார்த்தபோது அவரும் அங்கேதான் நின்றிருந்தார். மறுபடியும் அப்படி நடந்துவிடுமோ என்ற பயத்தில்தான் ‘வீண் வேலை’ என்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. பயப்படுபவரிடம் வாதாடுவதை விட ஒரு வேலையைக் கொடுப்பது நல்லது. அடுத்த முறை உங்கள் இயன்முறை மருத்துவரைப் பார்க்கும்போது அவரையும் அழைத்துப் போய், நாற்காலியைச் சாய்த்து இழுப்பதை அங்கேயே பழகச் சொல்லுங்கள். பத்து நிமிடப் பாடம்தான்.

பருவத்தையும் பாருங்கள். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை மழையும் கடல் சீற்றமும். பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு மார்ச் வரைக்கும் நல்ல காலம். கடற்கரைக்குப் போய்வந்த அன்றே நாற்காலியை நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து, முன்சக்கர அச்சில் சுற்றியிருக்கும் தலைமுடியையும் மணலையும் எடுத்துவிட்டு இரண்டு சொட்டு எண்ணெய் விடச் சொல்லுங்கள். நம் பக்கத்துக் கடற்காற்றுக்கு ஜன்னல் கம்பியே தாங்குவதில்லை, பேரிங் தாங்குமா?

கடைசியாக ஒன்று. நம் கரையில் பலகையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டிய நிலை இருக்கக் கூடாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. பொது இடங்களை எல்லோரும் அணுகும்படி அமைப்பதற்கான விதிகள் வெறும் பரிந்துரையாக இல்லாமல் கட்டாயமாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. மெரினாவுக்கு வந்த மரப்பாதை திருவொற்றியூருக்கும் வேண்டும் என்று மாநகராட்சியின் திருவொற்றியூர் மண்டல அலுவலகத்தில் மனு கொடுங்கள். 1913 என்ற எண்ணிலும் புகாரைப் பதியலாம். ‘வசதி செய்து தாருங்கள்’ என்று பொதுவாக எழுதினால் அது கோப்பில் தூங்கும். எந்தக் குப்பம், சாலையிலிருந்து இறுகிய மணல் எத்தனை அடி, நடுவில் படி எவ்வளவு உயரம், பக்கத்தில் கழிவறை இருக்கிறதா என்று உங்கள் கணவர் அளந்து வந்த கணக்கை அப்படியே எழுதுங்கள். தெருவில் முட்டி வலியோடு இருக்கும் பெரியவர்களிடமும், தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளும் தாய்மாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். அந்தப் பாதையில் அவர்களும்தான் நடக்கப் போகிறார்கள். மனு பெற்றுக்கொண்டதற்கான முத்திரையிட்ட நகலை வாங்காமல் அலுவலகத்தை விட்டு வர வேண்டாம்.